அடைப்பு எடுத்த பிறகும் பம்பிங் ஏன் ஏறவில்லை?

"அடைப்பைத்தான் எடுத்தாச்சே டாக்டர், அப்புறமும் ஏன் அப்பாவுக்கு பம்பிங் 35தான்னு சொல்றீங்க?" மாரடைப்பு வந்தவருக்கு இதயக்குழாய் அடைப்பை எடுக்கிற கேத் லேப் வாசலில் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிற கேள்வி. பம்பிங் என்பது, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. நியாயமான கேள்விதான். பணம் கட்டியாயிற்று, ஸ்டென்ட் வைத்தாயிற்று, ரத்தம் தடையில்லாமல் ஓடுவதைத் திரையில் காட்டியும் ஆயிற்று. இதே அடைப்பை ஏறக்குறைய இதே நேரத்தில் எடுத்த 45 வயதுக்காரருக்கு எக்கோ நன்றாகத் தேறிவிடுகிறது. 75 வயதுக்காரருக்குப் பல நேரம் அப்படி நடப்பதில்லை.

பாதி பதில் ரத்தம் நின்ற நேரத்தில் இருக்கிறது. மீதி, ரத்தம் திரும்பி வந்த நேரத்தில் இருக்கிறது. இந்த இரண்டாவது பாதியைத்தான் நாங்கள் யாரும் வீட்டாருக்கு விளக்குவதில்லை.

ரத்தக்குழாய் அடைத்ததும் இதயத்தசை செல்லுக்கு ஆக்சிஜன் நிற்கிறது. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா ஓய்ந்துபோகிறது. ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைத்துச் சமாளிப்பதால் செல்லுக்குள் அமிலம் சேர்கிறது. அந்த அமிலத்தை வெளியேற்றும் முயற்சியில் சோடியம் உள்ளே வருகிறது, அதன் பின்னாலேயே கால்சியமும் ஏறுகிறது. சுமார் 20 நிமிடத்துக்கு மேல் போனால் சில செல்கள் மீளாமல் சாகத் தொடங்கும். மணி ஆக ஆக, சாவு தசையின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கிப் பரவும்.

இப்போது அடைப்பைத் திறக்கிறோம். காய்ந்து வெடித்த வயலில் மடையை ஒரேயடியாகத் திறந்துவிட்ட மாதிரி ஆக்சிஜன் பாய்கிறது. தயாராக இல்லாத மைட்டோகாண்ட்ரியா அதை வாங்கி, செல்லையே அரிக்கிற வீரியமான மூலக்கூறுகளாக மாற்றிவிடுகிறது. சேர்ந்திருந்த அமிலமும் சில நிமிடங்களில் கழுவப்படுகிறது. கேட்க நல்ல விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் ஒரு துளை உண்டு. அதுவரை அதை மூடி வைத்திருந்ததே அந்த அமிலம்தான். அமிலம் போனதும் துளை திறக்கிறது, மைட்டோகாண்ட்ரியா வீங்கி வெடிக்கிறது, செல் முடிந்தது. கடைசியில் சேதமாகும் தசையில் பாதி வரைகூட இந்த இரண்டாம் கட்டத்தில் நேரலாம் என்று விலங்குச் சோதனைகள் காட்டின.

இதற்காக அடைப்பைத் திறக்காமல் விடலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடவே கூடாது. திறக்காவிட்டால் மொத்தமும் போய்விடும்.

இந்தத் துளையைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு செல்லுக்குள்ளேயே இருக்கிறது. 1986ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மரி, ஜென்னிங்ஸ், ரீமர் ஆகியோர் நாய்களின் இதயக்குழாயை ஐந்தைந்து நிமிடமாக நான்கு முறை அடைத்துத் திறந்தார்கள். அதற்குப் பிறகு 40 நிமிடம் முழுதாக அடைத்தார்கள். சேதம் கூட வேண்டும் அல்லவா? நேர்மாறாக, வழக்கமான சேதத்தில் கால்பங்குதான் இருந்தது. சின்னச் சின்ன அடைப்புகளின்போது அடினோசின், பிராடிகைனின் போன்ற வேதிப்பொருட்கள் சுரந்து செல்லின் மேல்பரப்பில் ஒட்டுகின்றன. அங்கிருந்து புரோட்டீன் கைனேஸ்-சி, ஆக்ட் போன்ற நொதிகள் ஒன்றையடுத்து ஒன்று செய்தியைக் கடத்தி மைட்டோகாண்ட்ரியா வரை கொண்டுபோகின்றன. துளை மூடியே இருக்கிறது.

வயதானவரின் இதயத்தில் இந்தச் செய்தி வழியில் தேய்ந்துவிடுகிறது. நொதிகள் இருக்கின்றன, ஆனால் போக வேண்டிய இடத்துக்கு வேகமாகப் போவதில்லை. மைட்டோகாண்ட்ரியாவும் ஏற்கெனவே பழசு. பழுதானதைக் கழித்துக்கட்டும் வேலை வயதாக ஆக மந்தமாகிறது. துளையும் லேசில் திறந்துகொள்கிறது. இத்தாலியின் நேப்பிள்ஸில் செய்த ஓர் ஆய்வு 1997ல் வெளியானது. பெரிய மாரடைப்புக்கு முன் லேசான நெஞ்சுவலி வந்து போயிருந்தால், வயதில் குறைந்தவர்கள் அதனால் பலன் பெற்று அதிகம் பிழைத்தார்கள். 65 தாண்டியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

துளையை மருந்தால் மூடலாமே என்று சைக்ளோஸ்போரினைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2015ல் வந்த பெரிய ஆய்வில் பலனில்லை. கையில் பிபி பட்டையைக் கட்டி இறுக்கித் தளர்த்தி இதயத்துக்குச் செய்தி அனுப்பும் முறையை 5,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் பார்த்தார்கள். 2019ல் அதுவும் கைவிரித்துவிட்டது. எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. ஆய்வகத்து எலிக்குச் சில மாத வயது, சர்க்கரை கிடையாது, பிபி கிடையாது. எங்கள் வார்டில் படுத்திருப்பவருக்கு முதுமை, சர்க்கரை, பிபி மூன்றும் உண்டு, போதாததற்குப் பை நிறைய மாத்திரையும் உண்டு.

ஆக, இரண்டாம் கட்டச் சேதத்தைத் தடுக்க நம்பி எழுதித் தரும்படி மருந்து கையில் இல்லை. முதல் கட்டத்தைச் சுருக்குவதுதான் மிச்சம். அதில்தான் பெரியவர்கள் பின்தங்குகிறார்கள். அவர்களுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற வலி பல நேரம் வராது. திடீர் மூச்சுத்திணறல், காரணமில்லாத வியர்வை, குமட்டல், எழுந்து நிற்க முடியாத அசதி, சிலருக்குத் தடுமாற்றமான பேச்சு, அவ்வளவுதான். சர்க்கரை உள்ள பெண்களிடம் இன்னும் மழுப்பலாக இருக்கும். "வாயுதான்" என்று ஓமத்தண்ணீரும் சோடாவும் கொடுத்து விடியும்வரை காத்திருந்து, வரும்போது எட்டு மணி நேரம் ஓடிப்போயிருக்கும். இளைஞர் தாங்குகிற தாமதத்தை இவர் தாங்க மாட்டார்.

60 தாண்டியவருக்கு இப்படி ஏதாவது வந்தால் முதலில் ஈசிஜி. அது நார்மல் என்றாலும், தொந்தரவு தொடர்ந்தால் அரைமணியில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவர வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி தூரமாக இருந்தால் அங்கே நின்று போவது நேரவிரயம் ஆகாது.

சிறுநீரகத்துக்கும் இதே கதைதான், இன்னும் சத்தமில்லாமல். வாந்தி பேதியில் பிபி இறங்கிக் கிடக்கும் முதியவருக்கு வழக்கமான பிபி மாத்திரையையும் கொடுத்து, உடம்புவலிக்கு ஒரு வலி ஊசியும் போட்டால், ரத்தம் குறைந்த சிறுநீரகத்தை இன்னும் பட்டினி போடுகிறோம். அந்த நாட்களில் எந்த மாத்திரையை நிறுத்தி வைப்பது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

தேய்ந்த செய்தியை மீட்க முடியுமா? ஓரளவு முடியும் போலிருக்கிறது. அதே நேப்பிள்ஸ் குழு 2001ல் சொன்னது இது: நன்றாக உடலுழைப்பு செய்துவந்த முதியவர்களிடம் அந்த முன்வலியின் பாதுகாப்பு மிஞ்சியிருந்தது. மாரடைப்புக்குப் பிறகு நடக்கச் சொல்வது வழக்கம். இந்தக் கணக்குப்படி பார்த்தால் முன்னாலேயே நடந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, சர்க்கரைக்காகப் பல வருடமாகக் கிளிபென்கிளமைடு சாப்பிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தப் பாதுகாப்புச் செய்தி போகிற பாதையில் பொட்டாசியம் வாயில் ஒன்று இருக்கிறது. அதை இந்த மாத்திரை மூடிவிடுவது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சர்க்கரை எகிறிவிடும். அடுத்த முறை போகும்போது சீட்டைக் காட்டி, வேறு மாத்திரை ஒத்துவருமா என்று கேளுங்கள்.