வலி மாத்திரையோடு கூட என்ன மாத்திரை போகிறது?

மருத்துவமனை மருந்தாளுநராக என் வேலையில் ஒரு பகுதி, மூட்டுவலியோடு வருபவர்கள் அருகில் உட்கார்ந்து அவர்கள் சாப்பிடும் மருந்துகளைப் பட்டியல் போடுவது. "என்னென்ன மாத்திரை எடுக்கிறீங்க?" என்று கேட்டால் பிரஷருக்கு, சுகருக்கு, தைராய்டுக்கு என்று வரிசையாகச் சொல்வார்கள். வலி மாத்திரை அந்த வரிசையில் வராது. தனியாகக் கேட்டால்தான், "அது எப்பவாவது போடுறதுங்க" என்று பதில் வரும். இன்னும் கொஞ்சம் பேசினால், அந்த "எப்பவாவது" என்பது தினமும் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று தெரியவரும்.

நான் பார்க்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. வலி மாத்திரை பட்டியலுக்கு வெளியே இருப்பதால், அது மற்ற மாத்திரைகளோடு சேர்ந்து என்ன செய்யும் என்று யாரும் பார்ப்பதில்லை.

வலி மாத்திரை என்ற பேச்சுவழக்கில் இரண்டு வகை கலந்துவிடுகிறது. பாரசிட்டமால் வலியையும் காய்ச்சலையும் குறைக்கும். மூட்டு வீக்கத்தை அது பெரிதாகக் குறைக்காது. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், நாப்ராக்சன், எட்டோரிகாக்சிப், செலிகாக்சிப் போன்றவை இன்னொரு குடும்பம். இவைதான் அழற்சி எதிர்ப்பு மருந்துகள், ஸ்டீராய்டு சேராதவை. மூட்டில் உள்ள வீக்கம், சூடு, விறைப்பு எல்லாவற்றையும் குறைப்பவை. இந்தக் கட்டுரை முழுக்க இவற்றைப் பற்றித்தான்; இனி வலி மாத்திரை என்று சொல்வதும் இவற்றைத்தான்.

இவை எப்படி வேலை செய்கின்றன என்பதை 1971-ல் ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி ஆஸ்பிரினை வைத்துக் காட்டினார். அந்த ஆராய்ச்சிக்காக 1982-ல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. நம் உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்களைத் தயாரிக்கிறது. மூட்டில் வலியும் வீக்கமும் வர அவை காரணம். ஆனால் அதே பொருள்கள்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காக்கின்றன. சிறுநீரகத்துக்குள் ரத்தம் வரும் சிறு குழாய்களை விரிந்திருக்கச் செய்வதும் அவையே. மாத்திரை இந்த உற்பத்தியைக் குறைக்கும்போது மூட்டு, வயிறு, சிறுநீரகம் என்று எல்லா இடத்திலும்தான் குறைக்கிறது. மருந்து ரத்தத்தில் கலந்து இதைச் செய்வதால், "ஊசியாகப் போட்டுக்கொண்டேன், வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது" என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. சாப்பிட்ட பிறகு போடுவதும் அப்படித்தான். எரிச்சல், குமட்டல் குறையும். புண் வராது என்று அர்த்தமில்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். மாத்திரைப் பையை மேசையில் அப்படியே கொட்டச் சொல்வேன். ஒரு அம்மாவின் பையிலிருந்து விழுந்தவற்றில் இரண்டு அட்டைகள் இருந்தன. ஒன்று முழங்காலுக்கு எலும்பு மருத்துவர் எழுதியது: அசிக்ளோஃபெனாக்கும் பாரசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை. இன்னொன்று இடுப்பு பிடித்துக்கொண்டதற்கு வேறு மருத்துவர் எழுதியது: டைக்ளோஃபெனாக்கும் பாரசிட்டமாலும் சேர்ந்தது. அட்டையின் நிறம் வேறு, பெயர் வேறு, வாங்கிய நாளும் வேறு. "இது முட்டிக்கு, இது இடுப்புக்கு" என்று அவர் சரியாகவே பிரித்து வைத்திருந்தார். உள்ளே போனது ஒரே குடும்பத்து மருந்து இரட்டிப்பாக, கூடவே பாரசிட்டமாலும் இரட்டிப்பாக. அன்று காய்ச்சல் என்று தனியாக ஒரு பாரசிட்டமால் போட்டிருந்தால் மூன்றாகியிருக்கும். பெரியவர்களுக்குப் பாரசிட்டமால் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 4 கிராம். வயதானவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. இப்படிச் சேர்ந்துகொண்டே போனால் அந்த வரம்பு தெரியாமலே தாண்டிவிடும்.

பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். நீங்கள் படிக்க வேண்டியது அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும். ஒரே நேரத்தில் இந்தக் குடும்பத்தில் ஒன்றுக்கு மேல் வேண்டவே வேண்டாம். இரண்டு சேர்ந்தால் வலி இரண்டு மடங்கு குறையாது. ஒரு அளவுக்கு மேல் வலி நிவாரணம் நின்றுவிடும், பக்கவிளைவு மட்டும் ஏறிக்கொண்டே போகும். கடையில் இரண்டு மூன்று மாத்திரைகளைக் கத்தரித்துத் தரும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதி போய்விடுவதுண்டு. பெயர் தெரியாத துண்டு அட்டையை வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

இன்னொருவருக்கு எழுதித் தந்ததை எடுத்துப் போடுவதிலும் இதே ஆபத்து இருக்கிறது. எட்டோரிகாக்சிப் 120 மில்லிகிராம் என்பது யூரிக் அமிலத்தால் திடீரென்று வரும் கவுட் வலிக்கு, அதிகபட்சம் எட்டு நாட்களுக்குக் கொடுக்கும் அளவு. மூட்டுத் தேய்மானத்துக்கு 30, தேவைப்பட்டால் 60 மில்லிகிராம்தான். தம்பிக்கு நன்றாகக் கேட்டது என்று அக்கா அதே 120-ஐ மாதக்கணக்கில் போடுவதைப் பார்த்திருக்கிறேன். இந்த மருந்து ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். பிரஷர் 140/90-க்கு மேலேயே நின்று கட்டுப்படாமல் இருந்தால் இதைத் தொடங்கவே கூடாது.

எனக்கு அதிகம் கவலை தருவது சிறுநீரகம். வயிறு எரிந்தாவது காட்டும். சிறுநீரகம் பெரும்பாலும் எதையும் காட்டாது. பிரஷருக்குச் சாப்பிடும் மாத்திரைகளில் எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவை சிறுநீரக வடிகட்டியிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்துகின்றன. அதனால் வடிகட்டிக்குள் அழுத்தம் குறையும். பல நோயாளிகளுக்கு அது நன்மைதான். ஹைட்ரோகுளோரோதையசைடு, ஃப்ரூசமைடு போன்ற நீர் மாத்திரைகள் உடம்பில் உள்ள நீரைக் குறைக்கின்றன. இந்த இரண்டோடு வலி மாத்திரை சேர்ந்தால், ரத்தம் உள்ளே வரும் குழாயும் சுருங்கிவிடுகிறது. வருவதும் குறைந்து, அழுத்தமும் குறைந்து, நீரும் குறைந்த நிலையில் வடிகட்டி வேலை செய்ய முடியாமல் திணறுகிறது. நல்ல நாளில் உடம்பு எப்படியோ சமாளிக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல், சாப்பிட முடியாமை என்று ஏதாவது வந்து நீர் வற்றினால், இரண்டு மூன்று நாளிலேயே சிறுநீர் குறைந்து, சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் மளமளவென்று ஏறிவிடும். அந்த நாட்களில் முதலில் நிறுத்த வேண்டியது வலி மாத்திரை. பிரஷர் மாத்திரையையும் நீர் மாத்திரையையும் என்ன செய்வது என்று அன்றே மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

பல பிரஷர் மாத்திரைகளில் இந்த இரண்டும் ஒரே மாத்திரையாகச் சேர்ந்தே வருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். "நான் ஒரே ஒரு பிரஷர் மாத்திரைதான் போடுறேன்" என்பவரின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே இரண்டு மருந்து இருக்கும். அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் வலி மாத்திரை தொடங்கும் முன் கிரியாட்டினின் பார்த்துவிட வேண்டும். தொடர்ந்து போட வேண்டியிருந்தால் ஓரிரு வாரத்தில் மறுபடி பார்ப்பது நல்லது. ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்கள், மருத்துவர் வேறு வழியில்லை என்று சொன்னால் தவிர, இந்த மாத்திரைகள் பக்கமே போகக்கூடாது.

இதய விஷயத்தில் உலகமே ஒரு பாடம் கற்றது. வயிற்றுக்குப் பாதுகாப்பானது என்று 1999-ல் வந்த ரோஃபெகாக்சிப், மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவதாகத் தெரிந்ததால் 2004-ல் திரும்பப் பெறப்பட்டது. அதன் பிறகு இந்தக் குடும்பம் முழுவதையும் கூர்ந்து பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, கால் ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு டைக்ளோஃபெனாக் கூடாது என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் அறிவித்தது. மாரடைப்பு அபாயம் முதல் சில வாரங்களிலேயே தொடங்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2015-ல் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. ஸ்டென்ட் வைத்தவர்கள் தினமும் சின்ன ஆஸ்பிரின் சாப்பிடுவார்கள் அல்லவா, அதன் வேலையை இபுப்ரோஃபென் தடுத்துவிடும். அடிக்கடி சேர்த்துப் போடுபவர்கள் கட்டாயம் இதய மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வயிற்றில் ரத்தக்கசிவு யாருக்கு அதிகம் வரும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். வயதானவர்கள், முன்பு அல்சர் வந்தவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், வார்ஃபரின், குளோபிடோக்ரல், ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள். மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ரலின் போன்ற மாத்திரைகளும் இந்த அபாயத்தைக் கூட்டும். பலர் அதைச் சொல்லத் தயங்குவார்கள், தயவுசெய்து சொல்லுங்கள். இவர்களுக்கு வலி மாத்திரை தவிர்க்க முடியாது என்றால் பான்டபிரசோல், ஓமிபிரசோல் போன்ற ஒன்றைக் கூடவே எழுதுவார்கள். அதைக் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். அது இரைப்பையைக் காக்கும், சிறுநீரகத்தையோ இதயத்தையோ காக்காது. வயதானவர்களுக்கு வயிற்றுவலியே இல்லாமல் நேராக ரத்தக்கசிவு வரலாம். தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு மலம் போனாலோ, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி வந்தாலோ, காரணமில்லாமல் மயக்கமும் படபடப்பும் வந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும்தான். அதுதான் காரணம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளாதீர்கள்.

வேறு சிலரும் கவனமாக இருக்க வேண்டும். கர்ப்பத்தில் இருபது வாரத்துக்கு மேல் இந்த மாத்திரைகள் கூடாது. ஆஸ்துமாவோடு மூக்கில் சதை வளர்ச்சியும் உள்ள சிலருக்கு ஒரு மாத்திரையிலேயே மூச்சுத்திணறல் வரும். காய்ச்சலோடு மூட்டுவலி வந்தால், டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை பாரசிட்டமால் மட்டும்தான்.

முழங்கால், கைவிரல் மூட்டுத் தேய்மானத்துக்கு என்னைக் கேட்டால் முதலில் ஜெல்லைத்தான் சொல்வேன். டைக்ளோஃபெனாக் ஜெல் தடவும்போது ரத்தத்தில் சேரும் மருந்து, மாத்திரையில் சேர்வதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் முழங்கால் தேய்மானத்துக்குத் தடவும் மருந்தில்தான் தொடங்கச் சொல்கிறது. "தடவினேன், கேட்கவில்லை" என்பவர்கள் பெரும்பாலும் ஒரு பொட்டு அளவுதான் தடவியிருப்பார்கள், அதுவும் வலி வந்தபோது மட்டும். ஒரு சதவீத ஜெல் என்றால் ஒரு முழங்காலுக்கு ஒரு தடவைக்கு நான்கு கிராம், நாளுக்கு மூன்று நான்கு முறை என்று ஓரிரு வாரம் விடாமல் தடவிப் பார்க்க வேண்டும். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அங்கே ஜெல் பெரிதாகப் பலிக்காது. ஜெல் தடவிக்கொண்டே அதே குடும்பத்து மாத்திரையும் போடுவது வேண்டாம்.

வலி எந்த வகை என்பதும் முக்கியம். காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்து, இரண்டு கைகளிலும் வீங்கினால் அது முடக்குவாதமாக (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இருக்கலாம். அதில் வலி மாத்திரை வலியை மட்டும் குறைக்கும்; மூட்டு அரிக்கப்படுவது உள்ளே தொடரும். அதைத் தடுக்க மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன, சீக்கிரம் தொடங்கினால்தான் முழுப் பலன். வலி மாத்திரையிலேயே ஒரு வருடத்தைக் கடத்திவிட்டு விரல் கோணிய பிறகு வருபவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை மட்டும் சாப்பிடுவது. எந்தக் கிழமை என்று அட்டையில் எழுதி வையுங்கள், தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதோடு வலி மாத்திரை சேர்வது ரத்தப் பரிசோதனைக் கண்காணிப்போடு மட்டும்தான். அதே சமயம் முதுகெலும்பை விறைக்கவைக்கும் ஆங்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ் நோயில் இந்த மாத்திரைகளேதான் முதல் சிகிச்சை. அங்கே தொடர்ந்து எழுதினால் பயந்து நிறுத்த வேண்டாம்.

பெயரே இல்லாத பொடிகளையும், "பக்கவிளைவே இல்லை" என்று விற்கும் மூட்டுவலிக் குளிகைகளையும் நம்பி வாங்காதீர்கள். 2022-ல் எஃப்.டி.ஏ சோதித்த சில மூட்டுவலிச் சத்து மாத்திரைகளில் டைக்ளோஃபெனாக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சொல்லாமல் கலந்திருந்தன. ஒரே நாளில் வலி மாயமாவதற்குக் காரணம் அதுதான். பல வாரம் சாப்பிட்டவர்கள் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து என்பதால், அந்தப் பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள்.

தேய்மான வலிக்கு மாத்திரை தினமும் தேவைப்படுகிறது என்றால், மற்ற சிகிச்சை குறைவாக இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை சரியாகக் கற்றுக்கொள்ளுங்கள். எடை கூடுதலாக இருந்தால், ஒரு கிலோ குறைந்தாலே ஒவ்வொரு அடியிலும் முழங்கால்மேல் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறையும். பயிற்சியின் பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரைக்கும் ஜெல்லோ, குறைந்த அளவு மாத்திரையோ, எத்தனை நாள் என்று குறித்து மருத்துவர் எழுதித் தந்தால் தாராளமாகப் போடுங்கள். வலி தாங்காமல் பயிற்சியைப் பாதியில் விடுவதைவிட அது எவ்வளவோ மேல்.