பொறி நிறைய ஈ, பழம் நிறையப் புழு

மாந்தோப்பில் தொங்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் பழ ஈக்கள் குவியலாகச் செத்துக் கிடக்கும். அதே மரத்துப் பழத்தை வெட்டினால் உள்ளே வெள்ளைப் புழு நெளியும். பொறி போலி என்று பலர் முடிவு கட்டுவது இங்கேதான். பொறியில் பழுதில்லை. அதில் விழுந்தவை அத்தனையும் ஆண், முட்டையிடுவது பெண்.

பொறிக்குள் இருக்கும் மீத்தைல் யூஜினால் துளசியிலும் உள்ள மணப்பொருள். பீகாரின் பூசாவில் பணியாற்றிய பூச்சியியலாளர் ஹவ்லெட், சிட்ரோனெல்லா எண்ணெயை ஆண் பழ ஈக்கள் மொய்ப்பதை 1912-இல் பதிவு செய்தார்; அவற்றை இழுப்பது மீத்தைல் யூஜினால்தான் என்று பிறகு தெரிந்தது. ஆண் ஈ இதைத் தின்று, உடலுக்குள் மாற்றி, மலக்குடல் சுரப்பியில் சேர்த்து வைக்கிறது. அந்தி நேரத்தில் அதை வெளிவிட்டுப் பெண்ணை அழைக்கிறது. ஆகவே பொறியில் கலந்த பூச்சிமருந்தின் வீரியம் போய்விட்டால், தின்றுவிட்டுத் தப்பும் ஆணுக்கு நாமே கல்யாணச் சீர் கொடுத்து அனுப்புகிறோம்.

5 செ.மீ. சதுரமும் சுமார் 1 செ.மீ. கனமும் உள்ள பிளைவுட் துண்டுகளை எத்தில் ஆல்கஹால் 6 பங்கு, மீத்தைல் யூஜினால் 4 பங்கு, மாலத்தியான் பூச்சிமருந்து 1 பங்கு கலந்த கரைசலில் 48 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். ஏக்கருக்கு 10 பொறி போதும். அறுவடைக்கு 45 முதல் 60 நாள் முன்பே, ஆள் உயரத்தில், நிழலான கிளையில் கட்டுங்கள். கட்டும் கம்பியில் கிரீஸ் தடவாவிட்டால் எறும்பு வந்து செத்த ஈக்களைத் தூக்கிப் போய்விடும். ஈ குறைந்துவிட்டதாக நாம் ஏமாறுவோம். பாகல், புடலையைத் தாக்கும் ஈ வேறு இனம். அதற்குக் கியூலூர் என்ற வேறு கவர்ச்சிப் பொருள் வேண்டும், மீத்தைல் யூஜினால் எடுபடாது.

ஓர் ஆண் பல பெண்களோடு இணையும். ஏறக்குறைய எல்லா ஆண்களையும் ஒழித்தால்தான் பலன் தெரியும். பசிபிக் கடலின் ரோட்டா தீவில் 1960-களில் இதே முறையில் ஈயை அடியோடு ஒழித்தார்கள். சுற்றிலும் கடல் என்பதால் அது நடந்தது. நம் தோப்பைச் சுற்றி அடுத்தவர் தோப்பு. ஏற்கெனவே இணைந்த பெண் ஈ வேலி தாண்டி வந்துவிடும். ஊரே சேர்ந்து பொறி வைக்காதவரை இது பாதி வேலைதான்.

மீதிப் பாதி தரையில் இருக்கிறது. பெண் ஈ தோலைத் துளைத்து முட்டையிட்ட இடம் முதலில் ஊசி குத்தியதுபோல் தெரியும். பிறகு பழுப்பாகி அமுங்கும். லேசாக அழுத்தினால் சாறு கசியும். வெளியே அழுகல் இல்லாமல் கொட்டை மட்டும் அரிக்கப்பட்டிருந்தால் அது மாங்கொட்டை வண்டு, ஈயல்ல. முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிகிறது. புழு ஏறத்தாழ ஒரு வாரம் சதையைத் தின்று, துள்ளி வெளியேறி, மண்ணில் சில செ.மீ. ஆழத்தில் கூட்டுப்புழுவாகிறது. தோல் மேல் தெளிக்கும் மருந்து உள்ளே இருக்கும் புழுவை எட்டாது. எச்சம் மட்டும் பழத்தில் தங்கும்.

எனவே உதிர்ந்த பழத்தை வாரம் இருமுறை பொறுக்குவதே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். பொறுக்கியதைக் குப்பைக்குழியில் கொட்டினால் ஈயை வளர்க்கிறோம் என்று அர்த்தம். இரண்டடிக்கு மேல் ஆழமாகப் புதைக்கலாம், அல்லது தடித்த பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டுவிடலாம். மரத்தடி மண்ணைக் கிளறிவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் பறவைக்கும் இரையாகும். முட்டை முதிர, பெண் ஈக்குப் புரதம் தேவை. அதனால் புரதக் கரைசலுடன் பூச்சிமருந்து கலந்து, பழத்தில் படாமல் அடிமரத்தில் மட்டும் தெளிப்பார்கள். லிட்டருக்கு 100 கிராம் வெல்லம் கரைத்தும் செய்வதுண்டு.

பழ ஈ இருந்ததால் 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்துக்குத் தடை போட்டது. 2015 தொடக்கத்தில் விலக்கியது. பறித்த பழத்துக்கு வெந்நீர்க் குளியல் உண்டு: 48 டிகிரி செல்சியஸில் 60 நிமிடம். கைவிரலை விட்டு மதிப்பிடக் கூடாது, வெப்பமானி வைத்தே பார்க்க வேண்டும். சூடு குறைந்தால் புழு பிழைக்கும், கூடினால் தோல் வெந்துபோகும். முற்றாத காய் இந்தச் சூட்டைத் தாங்காது.