டிஸ்சார்ஜ் புக்கில் நீங்களே மெடலை எழுதாதீர்கள்

ராணுவத்தை விட்டு வரும்போது கையில் தரும் பணிப் பதிவுப் புத்தகம்தான் டிஸ்சார்ஜ் புக். வீட்டிலேயே எழுதிக் கெடுத்த புத்தகம் என் கண்ணில் படுவது இந்த மாதத்தில் இது மூன்றாவது. மெடல் விவரம் எழுதும் பக்கத்தில், ரெக்கார்ட் ஆபீஸ் (படைவீரர்களின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம்) கிளார்க் எழுதிய வரிகளுக்குக் கீழே, நீல பால்பாயின்ட்டில் புதிதாக ஒரு வரி: சைன்ய சேவா மெடல் (கடினமான பகுதிகளில் பணியாற்றியதற்குத் தருவது). எழுதியது மகன். அப்பா ஜம்மு காஷ்மீரில் இருந்தது உண்மை. மெடலுக்குத் தகுதி இருந்திருக்கவும் கூடும். ஆனால் முத்திரையும் கையெழுத்தும் இல்லாத அந்த ஒரு வரியால் முழுப் புத்தகமும் சந்தேகத்துக்கு உரியதாகிவிட்டது. மனைவி பெயரில் எழுத்துப் பிழை, பிறந்த தேதி, குடும்ப பென்ஷன் என்று நாளை எதற்குப் போனாலும் இதே புத்தகத்தைத்தான் நீட்ட வேண்டும். கவுன்ட்டரில் இருப்பவர் முதலில் கேட்கப்போவது, "இதை யார் எழுதினது?"

திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: டிஸ்சார்ஜ் புக் ஒரு நகல். மூலப் பதிவு, உங்கள் ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கும் ஷீட் ரோல் என்ற பணிப் பதிவேடு. ஷீட் ரோலில் ஒரு வரி ஏற வேண்டுமானால் அதற்குப் பின்னால் ஒரு பார்ட் டூ ஆர்டர் (வீரரின் பணி விவரத்தை முறைப்படி அறிவிக்கும் உத்தரவு) இருக்க வேண்டும். யூனிட் தகுதியானவர்களின் நாமினல் ரோல் (பெயர்ப் பட்டியல்) போட்டு, அது ஏற்கப்பட்டு, பார்ட் டூ ஆர்டர் வெளியாகி, அதைப் பார்த்து ஷீட் ரோலில் ஏற்றி, ஓய்வு பெறும்போது அதிலிருந்து உங்கள் புத்தகத்தில் எழுதுகிறார்கள். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டுப்போனது என்று தெரியாமல் கடைசிக் கண்ணியை மட்டும் ஒட்டவைக்க முடியாது.

"பெட்டியில் மெடல் இருக்கிறதே சார்!" இருக்கட்டும். விளிம்பைப் பாருங்கள். நம்பர், ராங்க், பெயர் பொறித்திருந்தால் அது நல்ல சான்று. விளிம்பு தெளிவாகத் தெரியும்படி போட்டோ எடுத்து மனுவோடு இணையுங்கள். விளிம்பு வெறுமையாக இருந்தால், கோர்ட் மவுன்ட்டிங் (மெடல்களை வரிசையாக அட்டையில் பொருத்துவது) செய்துகொண்டபோது கடையில் வாங்கியதாக இருக்கலாம். அது எதையும் நிரூபிக்காது. "எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் வந்தது" என்பதும் அப்படித்தான். யூனிட் போயிருக்கும், நீங்கள் அப்போது கோர்ஸிலோ, ஆஸ்பத்திரியிலோ, லீவிலோ இருந்திருப்பீர்கள். மெடலுக்குக் கணக்கில் வருவது ஆள் அங்கே இருந்த நாட்கள். ரிப்பன் குத்திய பழைய போட்டோ கதையே வேண்டாம்.

மனு எழுதும் முன் உங்கள் குறை எந்த வகை என்று பாருங்கள். ஷீட் ரோலில் இருக்கிறது, புத்தகத்தில் மட்டும் இல்லை என்றால் அது கிளார்க் வேலை, சுலபம். பார்ட் டூ ஆர்டர் வந்தும் ஷீட் ரோலில் ஏறவில்லை என்றால், ஆர்டர் நம்பரும் தேதியும் கிடைத்தால் தீர்ந்துவிடும். ஆர்டரே போடப்படவில்லை என்றால் ரெக்கார்ட் ஆபீஸ் யூனிட்டுக்கு எழுதி, யூனிட் பழைய ரோல்களைத் தேடி, பிறகுதான் முடிவாகும், பொறுமை வேண்டும். புத்தகத்தில் மெடல் இருக்கிறது, கைக்கு வரவில்லை என்பது நான்காவது வகை. அதில் பதிவைத் திருத்த எதுவுமே இல்லை, மெடலை வழங்கச் சொல்லித்தான் கேட்க வேண்டும். இதைப் பதிவுத் திருத்தம் என்று எழுதி அனுப்பினால், "பதிவு சரியாக உள்ளது" என்று ஒரு வரியில் பதில் வந்து ஃபைல் மூடப்படும்.

பெயர் எங்கே விட்டுப்போகிறது என்றால், பெரும்பாலும் அட்டாச்மென்ட்டில், அதாவது வேறு யூனிட்டோடு தற்காலிகமாக இணைக்கப்பட்டிருக்கும்போதுதான். சொந்த யூனிட், "அவர் அங்கே இருக்கிறார், அவர்கள் போடுவார்கள்" என்று விட்டுவிடும். அங்கே இருப்பவர்களோ, "இவர் நம் ஆள் இல்லை" என்று விட்டுவிடுவார்கள். மெடல் அறிவிப்பு வருவதற்குள் ஊர் திரும்பியவர்கள் அடுத்த கூட்டம். மூன்றாவது, நம் ஊருக்கே உரிய இனிஷியல் தொல்லை. ஒரு தாளில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயர் முழுதாக. ஆர்மி நம்பரின் கடைசியில் வரும் ஆங்கில எழுத்தை விட்டுவிட்டு எழுதுகிறவர்களும் உண்டு. அது அலங்காரத்துக்குப் போட்டதல்ல, நம்பர் சரியா என்று சோதிக்கும் எழுத்து. நாயப் சுபேதார் ஆனவர்களுக்கு 'ஜே.சி.' என்று தொடங்கும் புது நம்பர் வந்திருக்கும். சிப்பாயாக இருந்தபோது கிடைத்திருக்க வேண்டிய மெடல் பழைய நம்பரில்தான் தேடப்படும். இரண்டு நம்பரையும் எழுதுங்கள்.

கேட்கும் மெடல் எது என்றாவது தெரிந்துகொண்டு கேளுங்கள். 1971 போரில் கிழக்கு முனையில் இருந்தவர் பூர்வி ஸ்டாருக்குப் பதிலாக மேற்கு முனைக்கான பஸ்சிமி ஸ்டார் கேட்டு எழுதினால் யார் என்ன செய்ய முடியும்? 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கு வெள்ளிவிழா மெடல், 1997 ஆகஸ்ட் 15 அன்று இருந்தவர்களுக்குப் பொன்விழா மெடல். இவை தேதி பார்த்தே முடிவாகிவிடும். 9, 20, 30 வருட லாங் சர்வீஸ் மெடல்கள் வருடக் கணக்கு. ஆனால் 'லாங் சர்வீஸ் அண்ட் குட் காண்டக்ட்' மெடல் வேறு. அது எண்ணிக்கை வரம்புக்குள் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது. 20 வருடம் முடித்தேன், எனக்கு வரவில்லை என்று அதற்கு மனுப்போட வேண்டாம். உயரப் பகுதி மெடலுக்கு 9,000 அடிக்கு மேல் 180 நாள் வேண்டும், ஆகவே இடமும் தேதியும் துல்லியமாக வேண்டும். சைன்ய சேவாவில் இன்னொரு குழப்பம்: காஷ்மீரிலும் நேஃபாவிலும் (இன்றைய அருணாசலப் பிரதேசம்) இருந்தவருக்கு இரண்டு மெடல் கிடையாது. மெடல் ஒன்று, ஒவ்வொரு பகுதிக்கும் ரிப்பனில் ஒரு கிளாஸ்ப் (பகுதியின் பெயர் பொறித்த உலோகப் பட்டை). விட்டுப்போனது கிளாஸ்ப் என்றால் கிளாஸ்ப்பைக் கேளுங்கள். 1987 முதல் 1990 வரை இலங்கைக்கு அமைதிப்படையில் போனவர்கள் எந்த மெடல் என்று தங்களுக்குள் வாதாடாமல், யூனிட், போன தேதி, திரும்பிய தேதி மூன்றையும் எழுதி, உரிய பதிவைக் கேட்பது நல்லது.

மனு ஒரு பக்கம் போதும். நம்பர், ராங்க், பதிவில் உள்ளபடி பெயர், சேர்ந்த தேதி, ஓய்வு தேதி, பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு) நம்பர், சம்பந்தப்பட்ட காலத்தில் இருந்த யூனிட்டும் இடமும், விட்டுப்போன மெடல். கூடவே மூவ்மென்ட் ஆர்டர் (பயண உத்தரவு), பழைய லீவ் சர்டிபிகேட், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாள் என்று அந்த இடத்தில் நீங்கள் இருந்ததைக் காட்டும் எதுவானாலும் அதன் நகல். கூட இருந்தவரின் அபிடவிட் துணைச் சான்றாக மட்டுமே நிற்கும். தேசபக்தி முன்னுரை வேண்டாம். படிக்கிறவரும் யூனிஃபார்ம் ஆள்தான்.

அனுப்ப வேண்டியது உங்கள் ரெக்கார்ட் ஆபீஸுக்கு. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) என்றால் பெங்களூரு, ஆர்ட்டிலரி நாசிக் ரோடு, சிக்னல்ஸ் ஜபல்பூர், இ.எம்.இ. (எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் இன்ஜினியர்ஸ்) செகந்திராபாத், ஏ.எம்.சி. (மருத்துவப் பிரிவு) லக்னோ. விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க், கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்குர்த். டி.எஸ்.சி.யில் (டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர்) மறுபடி சேர்ந்தவர்கள் கண்ணூருக்கும் பழைய ரெக்கார்ட் ஆபீஸுக்கும் ஒரே மனுவின் நகலை அனுப்புங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மனுவை முறைப்படி அனுப்பிவைக்கும், திருத்தாது. ஸ்பர்ஷ் பென்ஷனுக்கான இணையதளம். அங்கே புகார் போட்டு மெடல் ஏறப்போவதில்லை. (அதிகாரிகளுக்கு வழி வேறு, இங்கே சொல்வது ஜவான்களுக்கும், நாயப் சுபேதார் முதலான ஜே.சி.ஓ.க்களுக்கும்.)

ஷீட் ரோலில் என்ன இருக்கிறது என்றே தெரியாவிட்டால், முதலில் ஆர்.டி.ஐ. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். "ஏன் மெடல் கொடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். "ஷீட் ரோலில் மெடல்கள் பதிவான பக்கத்தின் நகல்" என்று கேளுங்கள். தகவல்தான் கிடைக்கும், திருத்தம் கிடைக்காது. மனுவுக்கு எழுத்தில் மறுப்பு வந்து, அது தவறு என்று ஆவணம் காட்ட முடிந்தால், சென்னையிலேயே ராணுவத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தாமதத்துக்குக் காரணம் சொன்னால் ஏற்கவும் இடமுண்டு.

பென்ஷன் இல்லாமல் வந்தவர்கள் தள்ளிப்போடக் கூடாது. அவர்களுடைய ஆவணங்களை 25 வருடத்துக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு லாங் ரோல் என்ற சுருக்கப் பதிவு மட்டும்தான் மிஞ்சும்.

இன்னொன்று, பணம். போர்க்கால, பணிக்கால மெடல்களுக்கு மாதப்படி எதுவும் கிடையாது. படி வீரதீர விருதுகளுக்குத்தான். "மெடல் ஏற்றினால் பென்ஷன் கூடும்" என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட்டுக்கு டீ கூட வாங்கித் தராதீர்கள். இந்த வேலைக்கு ஆகும் செலவு ஸ்பீட் போஸ்ட்டும் ஜெராக்ஸும்தான்.

ரெக்கார்ட் ஆபீஸ் ஒரிஜினல் புத்தகம் கேட்டால் மட்டும் அனுப்புங்கள், ஒவ்வொரு பக்கத்தையும் நகல் எடுத்த பிறகு. அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: கணவர் ஞாபகமாகப் பத்திரமாக இருக்கட்டும் என்று புத்தகத்தை லேமினேட் செய்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் மேல் ரெக்கார்ட் ஆபீஸில் எழுதவும் முடியாது, முத்திரை குத்தவும் முடியாது. திருத்தி வந்த புத்தகத்தை அன்றைக்கே திறந்து, புது வரிக்குப் பக்கத்தில் முத்திரையும் கையெழுத்தும் இருக்கிறதா, பார்ட் டூ ஆர்டர் நம்பர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதே வாரம் திருப்பி அனுப்புங்கள்.