சிசுவின் நடுக்கத்துக்கு எத்தனை புள்ளி?

பிறந்த மூன்றாம் நாள் ஒரு சிசு வீறிட்டு அழுது, பால் குடித்த அரை மணி நேரத்துக்குள் விழித்துக்கொண்டு, தண்ணீராக மலம் கழித்தால், மலையகத்து லயன் வீடுகளில் மூத்த பெண்கள் அதை மாந்தம் என்பார்கள். உரம் விழுந்திருக்கிறது என்று வேறொருவர் சொல்வார். கர்ப்ப காலத்தில் தாயின் உடலில் ஹெரோயின், மெதடோன், கொடெய்ன், டிரமடோல் போன்ற ஒபியொயிட் வகைப் பொருளொன்று (அபினைப் போல் வலியை அடக்கும் பொருள்) தொடர்ந்து இருந்திருந்தால், இதே தோற்றத்துக்கு முற்றிலும் வேறொரு காரணம் உண்டு: பிறந்ததும் அப்பொருள் கிடைக்காமற்போவதால் சிசுவுக்கு வரும் விலகல் நிலை. நாட்பட்ட வலிக்காக வைத்தியர் எழுதிக்கொடுத்த மாத்திரையும் இந்த வகையில் அடங்கக்கூடும் என்பதால், இதைத் தாயின் நடத்தை மீதான தீர்ப்பாக எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒபியொயிட் மூலக்கூறுகள் சூல்வித்தகத்தைக் கடந்து, சிசுவின் மூளைத்தண்டிலுள்ள நரம்புக் கலங்களின் வாங்கிகளில் ஒட்டிக்கொண்டு, உடலைக் கிளர்ந்தெழச் செய்யும் நோரட்ரினலின் என்ற இரசாயனம் வெளியேறுவதை அடக்கி வைக்கின்றன. மாதக்கணக்கில் இப்படி அடக்கப்படும் கலங்கள், அதை ஈடுகட்டும் வகையில் தம்மை மாற்றியமைத்துக்கொள்கின்றன. தொப்புள்கொடி வெட்டப்பட்டதும் பொருளின் வரவு நின்றுவிடுகிறது. எதிர்த்துத் தள்ளிப் பழகிய கலங்களோ தள்ளிக்கொண்டே இருப்பதால் நோரட்ரினலின் பெருக்கெடுத்து, நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, விறைத்த தசைகள் ஆகியவை தோன்றுகின்றன. குடலிலும் இதே வாங்கிகள் இருப்பதால் வயிற்றோட்டமும் சேர்ந்துகொள்கிறது. சிசு எதையும் நாடித் தேடவில்லை, அதன் உடல் பழகிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே 'போதைக்கு அடிமையான குழந்தை' என்று எழுதுவது பிழை.

அறிகுறிகள் தோன்றும் நேரம் பொருளுக்குப் பொருள் மாறுபடும். ஹெரோயின் உடலைவிட்டு விரைவாக நீங்குவதால் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் அறிகுறிகள் தொடங்கிவிடும். மெதடோன் மெதுவாக நீங்குவதால் 48 முதல் 72 மணி நேரம் வரை, சிலவேளை அதற்கும் பிந்தி, சிசு அமைதியாகவே இருக்கும். பிரசவத்துக்கு மறுநாளே துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்ட சிசுவின் நடுக்கத்தை முதலில் காணப்போவது பாட்டியாகவோ வீடு தேடி வரும் மருத்துவ மாதாகவோ இருக்கலாம். நீண்ட நேரம் உடலில் தங்கும் பொருட்களாயின் 4 முதல் 7 நாட்கள் வரை வைத்தியசாலையில் வைத்துக் கவனிக்கச் சொல்வது இதனாற்றான்.

கவனித்ததை எண்ணாக மாற்றும் முறையை 1975ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் லொரெட்டா பினெகன் என்ற குழந்தைநல வைத்தியர் உருவாக்கினார். அதில் கீச்சிட்ட அழுகைக்கு 2 புள்ளிகள், ஓயாத அழுகைக்கு 3, வலிப்புக்கு 5, தும்மலுக்கும் கொட்டாவிக்கும் ஒவ்வொன்று என இருபதுக்கும் மேற்பட்ட அறிகுறிகளுக்கு எடை தரப்பட்டுள்ளது. தொட்டால் மட்டும் வரும் மெல்லிய நடுக்கத்துக்கு 1, சும்மா கிடக்கும்போதே வரும் கடும் நடுக்கத்துக்கு 4 என்ற ஏற்றம், நரம்புகள் எவ்வளவு தூரம் கிளர்ந்துள்ளன என்பதைக் காட்டுகிறது. மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, பால் கொடுத்த பிறகு, அந்த இடைவேளை முழுவதும் கண்டவற்றைக் கூட்ட வேண்டும். பசியில் அழும் சிசுவுக்குப் புள்ளி இடுவது பசியை அளப்பதாகவே முடியும். அடுத்தடுத்து மூன்று முறை 8 அல்லது அதற்கு மேல், அல்லது இரண்டு முறை 12 அல்லது அதற்கு மேல் வந்தால் மருந்து தொடங்குவது வழக்கமாக இருந்தது. நடுங்கும் கையை மெதுவாகப் பிடித்தால் நடுக்கம் அடங்கும், வலிப்பு அடங்காது என்பது தாதியர் கைப்பழக்கத்தில் கற்கும் பாடம்.

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் மார்கழி, தை இரவுகளில் இந்த அட்டவணையை எடுத்தால் ஒரு சிக்கல் எழும். தோலில் திட்டுத்திட்டான நிறமாற்றம் ஒரு புள்ளி, மூக்கடைப்பு ஒரு புள்ளி. குளிர்ந்துபோன ஆரோக்கியமான சிசுவின் தோலும் அவ்வாறே திட்டுத்திட்டாகும். குளிர்ந்த உடல் சீனியை விரைந்து எரிப்பதால் இரத்தத்தில் குளுக்கோசு குறைந்து, நடுக்கமும் வரலாம். இதற்கு அஞ்சி கம்பளித் தொப்பியும் இரண்டு சுவெட்டரும் போர்வையும் சுற்றினால், மறுபக்கமாக வெப்பநிலை 37.2 பாகையைத் தாண்டி, காய்ச்சலுக்கான புள்ளியும் வியர்வைக்கான புள்ளியும் சேர்ந்துவிடும். ஆகவே போர்வையைச் சீராக்கி, வெப்பமானியையும் குளுக்கோசையும் பார்த்து, கிருமித் தொற்றையும் கல்சியக் குறைவையும் விலக்கிய பின்னரே புள்ளிகளை நம்பலாம் என்பது என் எண்ணம்.

அட்டவணையின் மிகப்பெரிய குறை, அது மருந்தை நோக்கி விரைவாகத் தள்ளுவதுதான். அதற்கு மாற்றாக வந்த முறை மூன்றையே கேட்கிறது: சிசு போதிய அளவு பால் குடிக்கிறதா, கலையாமல் ஒரு மணி நேரமாவது தூங்குகிறதா, அழுதால் பத்து நிமிடத்துக்குள் தேற்ற முடிகிறதா? அமெரிக்காவின் 26 வைத்தியசாலைகளில் 1,305 சிசுக்களிடம் இரு முறைகளையும் ஒப்பிட்டு 2023இல் வெளியான ஆய்வில், புதிய முறையில் சிசுக்கள் வீடு செல்லத் தயாராவதற்குச் சராசரியாக 8.2 நாட்களும், பழைய வழக்கத்தில் 14.9 நாட்களும் எடுத்தன. மோர்பின் போன்ற ஒபியொயிட் மருந்து தேவைப்பட்டோர் 52 வீதத்திலிருந்து 19.5 வீதமாகக் குறைந்தனர்.

இம்முறையில் தாயே முதல் மருந்து. மங்கிய வெளிச்சமும் சத்தமற்ற அறையும் தாயின் மார்போடு தோல்படக் கிடக்கும் அணைப்பும் கிளர்ந்த நரம்புகளைத் தணிக்கின்றன. அதே அணைப்பு மலைக்குளிரையும் தடுத்துவிடுவதால், மேலே சொன்ன குழப்பத்தின் பாதி அங்கேயே தீர்ந்துவிடுகிறது. ஹெரோயின் போன்றவற்றிலிருந்து மீள்வதற்கான சிகிச்சையாக வைத்தியரின் கண்காணிப்பில் மெதடோன் எடுத்துவரும் தாய்க்கு, வேறு தடை எதுவும் இல்லாவிட்டால், தாய்ப்பால் கொடுக்கவே ஊக்கமளிக்கப்படுகிறது. பாலில் கலப்பது மிகச் சிறிய அளவே என்றாலும், தாய்ப்பாலை நிறுத்த நேர்ந்தால் அதை ஒரே நாளில் நிறுத்தாமல் படிப்படியாகவே குறைக்கச் சொல்கிறார்கள்.