பெரில்: படியூர்க் கல்லின் பெயர் போய் வந்த வழி

ஈரோடு மாவட்டத்தின் பழைய கைத்தொழில் ஊரான கொடுமணலில் நடந்த அகழாய்வைப் பற்றிய செய்திகளில் சூதுபவளம், பளிங்கு, நீலக்கல் என்று தமிழ்ப் பெயர்கள் வரிசையாக வரும். நடுவே ‘பெரில்’ என்று ஒன்று வந்து நிற்கும். ‘பெரில் மணிகள்’, ‘பெரில் கல் பட்டறை’ என்று எழுதிவிட்டு அப்படியே கடந்துவிடுகிறார்கள். படிப்பவர்களுக்கு இது ஏதோ கப்பலில் வந்திறங்கிய சரக்கு என்று தோன்றினால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கல் காங்கேயம் பக்கத்துக் கல். பெயரும் இந்த மண்ணிலிருந்து கிளம்பி உலகம் சுற்றிவிட்டு, இங்கிலீஷ் உடுப்போடு திரும்பி வந்திருக்கிறது.

முதலில் கல்லைப் பார்த்துவிடுவோம். பெரிலியம், அலுமினியம் இரண்டும் சேர்ந்த சிலிக்கேட் கனிமம் இது. கடினத்தில் பளிங்கைவிட (மார்பிள் இல்லை, குவார்ட்ஸ்) ஒரு படி மேல். தூய்மையாக இருந்தால் நிறமே இருக்காது. இரும்பு கொஞ்சம் கலந்தால் கடல்நீர் போல நீலம் ஓடிய வெளிர்ப்பச்சை வரும். நகைக்கடைகளில் அக்வாமரின் என்பது அதைத்தான். குரோமியமோ வனேடியமோ கலந்து அடர்பச்சையானால் அதுவே மரகதம். இரண்டும் ஒரே கனிமம். விலையில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இது பாறைக்குள் விளையும்போதே ஆறு பட்டையோடு, பென்சில் போல நீளமாக விளையும். இந்த ஆறு பட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

திருப்பூரிலிருந்து காங்கேயம் போகும் வழியில் இருக்கிறது படியூர். இந்தக் கல் கிடைத்த இடங்களில் பேர்போனது அதுதான். 1819–20இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே சுரங்கம் எடுத்து நடத்தியிருக்கிறார். அதற்கும் ஆயிரத்தெண்ணூறு வருடங்களுக்கு முன்பே படியூர்க் கல் நொய்யல் வடகரையில் உள்ள கொடுமணலுக்குப் போய், பட்டை தீட்டி, துளையிட்டு, மணியாகிக்கொண்டிருந்தது. 1985 முதல் எ. சுப்பராயலு, கா. ராஜன் போன்ற ஆய்வாளர்கள் அங்கே தோண்டியபோது முழு மணிகளோடு, பாதி வேலையில் நின்றுபோனவையும் கழித்துப்போட்ட சில்லுகளும் கிடைத்தன. கழிவு கிடைத்ததுதான் முக்கியம். நகை எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம், சில்லு வேலை நடந்த இடத்தில்தான் கிடக்கும். கொடுமணலைத்தான் பழைய பாட்டு கொடுமணம் என்கிறது. பதிற்றுப்பத்தில் ‘கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்’ என்று அரிசில்கிழார் பாடும்போது, வேலைப்பாட்டில் சிறந்த என்று பொருள்படும் அந்த ‘வினைமாண்’ என்ற சொல்லில் இந்தப் பட்டறைக்காரர்களின் கைவேலை மொத்தமும் அடங்கியிருப்பதாகத்தான் நான் படிக்கிறேன்.

காங்கேயம் வட்டாரத்தில் இன்றும் நல்ல மழை பெய்து ஓய்ந்தால் காட்டில் கல் பொறுக்கப் போவார்கள். (கொங்கில் காடு என்றால் வனம் இல்லைங்க, மானாவாரி நிலம்.) மேல்மண் கரைந்து ஓடியபின் வெயிலில் மினுங்கும் கல்லைத் தேடிக் குனிந்தபடியே நடப்பார்கள்.

சரி, இனி பெயருக்கு வருவோம்.

இங்கிலீஷில் பெரில், அது லத்தீனில் பெரில்லுஸ், கிரேக்கத்தில் பேருல்லோஸ். கிரேக்கர்கள் இதை இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்பதில் அகராதிக்காரர்களுக்குள் பெரிய தகராறு இல்லை. பாலியில் இந்தக் கல்லின் பெயர் வேளுரிய, பிராகிருதத்தில் வேருலிய. ‘ளுரி’ என்பது ‘ருலி’ என்று இடம் மாறியிருக்கிறது, நம் ஊர்ப் பேச்சில் மதுரை மருதை ஆனது போல. கிரேக்க மாலுமியின் காதில் விழுந்தது இந்த மாறிய வடிவம்தான். அதனால்தான் கிரேக்கச் சொல்லிலும் ரகரம் முன்னால், லகரம் பின்னால்.

வடமொழியில் இதுவே வைடூர்யம். விதூரம் என்ற இடத்திலிருந்து வருவதால் இந்தப் பெயர் என்று பாணினி இலக்கணம் சொல்கிறது. உரை எழுதிய பதஞ்சலி இதை அப்படியே ஏற்கவில்லை. கல் பிறப்பது வாலவாயம் என்ற மலையில், விதூரத்தில் அதற்குப் பட்டைதான் தீட்டுகிறார்கள் என்று அவர் எழுதுகிறார். ஈராயிரம் வருடத்துக்கு முன்பே, கல் விளைவது ஓர் ஊர், மெருகேறுவது வேறு ஊர், பெயர் பட்டறை ஊருக்கு என்ற நிலைமை அங்கேயும் இருந்திருக்கிறது பாருங்கள். படியூரையும் கொடுமணலையும் அறிந்தவர்களுக்கு இது புதிதாகப் படாது.

ஆனால் வேளுரிய என்ற வடிவம்தான் மூத்தது, அதைச் சமஸ்கிருதப்படுத்தியதே வைடூர்யம் என்று கருதும் மொழியறிஞர்கள் உண்டு. அந்த வேளுரிய எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பெரிய இங்கிலீஷ் அகராதிகளே திராவிட மூலத்தைக் காட்டி, பக்கத்தில் தமிழின் ‘வெளிறு’, ‘விளர்’ என்ற சொற்களை வைக்கின்றன. நிறம் மங்குதல், வெண்மையாதல் என்று பொருள். முகம் வெளிறிப்போச்சு என்கிறோமே, அதே வெளிறுதான். கர்நாடகத்து வேலூரான பேலூரோடு முடிச்சுப்போடுபவர்களும் இருக்கிறார்கள். எனக்கு ஊர்ப்பெயரைவிட நிறப்பெயரே பொருத்தமாகப் படுகிறது. மரகதத்தின் அடர்பச்சைக்குப் பக்கத்தில் படியூர்க் கல்லை வைத்தால் கண்ணுக்கு முதலில் தெரிவது அந்த வெளிறல்தான்.

இந்தக் கல்லை ரோமாபுரியில் எப்படிப் பார்த்தார்கள் என்பதை ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். அவர் இறந்தது கி.பி. 79இல். பெரில் பெரும்பாலும் இந்தியாவில்தான் கிடைக்கிறது, வேறெங்கும் அபூர்வம் என்கிறார். தூய கடலின் பச்சையைப் போன்றவைதான் உயர்ந்தவையாம். மங்கலான நிறம் எடுப்பாகத் தெரிவதற்காகக் கைவினைஞர்கள் இதை ஆறு பட்டையாக வெட்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, இயற்கையிலேயே பட்டையோடு விளைகிறது என்றும் சிலர் நினைப்பதாகச் சேர்க்கிறார். அந்தச் சிலர் சொன்னதுதான் சரி. ஆறு பட்டையும் கல்லின் பிறவிக் குணம். இந்தியர்களுக்கு நீளமான பெரில்தான் பிடிக்கும், தங்கத்தில் பதிக்க வேண்டாத ஒரே மணி இதுதான் என்கிறார்கள், துளையிட்டு யானை முடியில் கோத்துக்கொள்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். யானைமுடி மோதிரத்தை இன்னும் விரலைவிட்டுக் கழற்றாத நமக்கு அந்த வரியைப் படித்தால் பழகிய வாசனை அடிக்கும்.

கல் மேற்கே போன பாதையும் தெளிவானது. கரூரிலிருந்து கொடுமணல், பேரூர் வழியாகப் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் மேற்குக் கரையில் சேரர்களின் முசிறித் துறை. அங்கிருந்து பல வகை ஒளி ஊடுருவும் கற்கள் ஏற்றுமதியானதாகக் கிரேக்க மாலுமி ஒருவரின் வணிகக் கையேடு சொல்கிறது. மாற்றாக வந்த காசு இன்றும் கொங்கு மண்ணுக்குள்ளிருந்து வந்துகொண்டிருக்கிறது. வெள்ளலூரில் 1842இல் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல் அதில் ஒன்று.

போன இடத்தில் சொல் சும்மா இருக்கவில்லை. இடைக்கால ஜெர்மனியில் தெளிந்த கல்லுக்கெல்லாம் இந்தப் பெயர் பரவியது. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டத் தேய்த்த கல்லும் அதில் சேர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மூக்குக்கண்ணாடி வந்தபோது அதற்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். ஜெர்மானியர்கள் இன்றும் மூக்குக்கண்ணாடியை ‘பிரில்லே’ என்கிறார்கள், டச்சுக்காரர்கள் ‘பிரில்’ என்கிறார்கள். ‘பிரில்லியண்ட்’ என்ற இங்கிலீஷ் சொல்லும் இத்தாலி, பிரெஞ்சு வழியாக இதே வேரில் போய் முடியலாம் என்று அகராதிகள் சொல்கின்றன. நம் பிள்ளை மார்க் வாங்கி வந்தால் பிரில்லியண்ட் என்று முதுகில் தட்டுகிறோமே, அதற்குள்ளும் இந்த வெளிறிய கல் ஒளிந்திருக்கக்கூடும்.

இப்போது கஷ்டமான கேள்வி. பெரிலுக்குத் தமிழ் என்ன?

வைடூரியம் என்று பட்டென்று சொல்லிவிடலாம். சொல்லின் பிறப்பைப் பார்த்தால் அது சரியும்கூட. ஆனால் நகைக்கடையில் போய் வைடூரியம் கேட்டால் பூனைக்கண் கல்லைத்தான் எடுத்து வைப்பார்கள். தேன் நிறத்தில், குறுக்கே ஒரு வெள்ளை ஒளிக்கோடு ஓடும் கல் அது. இது இன்றைய குழப்பமும் இல்லை. சிலப்பதிகாரத்து மதுரை மணிக்கடைத் தெருவில் ‘தெண்மட்டு உருவவும்’ என்று தெளிந்த தேன் போல வருணித்த கல்லையே உரைகாரர்கள் வைடூரியம் என்றார்கள். அதாவது தமிழில் அந்தப் பெயர் எப்போதோ கடல்பச்சையை விட்டுவிட்டுத் தேன் நிறத்துக்குக் குடிபோய்விட்டது. கொடுமணலில் வைடூரியம் கிடைத்தது என்று எழுதினால் நவரத்தின மோதிரத்துப் பூனைக்கண்ணைத்தான் வாசகர் நினைப்பார்.

பச்சைக்கல் என்று எழுதுவது இன்னும் ஆபத்து. பேச்சுவழக்கில் பச்சைக்கல் என்றால் மரகதம். படியூரில் மரகதச் சுரங்கம் இருந்ததாக ஒரு கதை கிளம்ப அந்த ஒரு சொல்லே போதும்.

என் யோசனை இது. கனிமத்தின் பொதுப்பெயராகப் பெரில் இருக்கட்டும். வேர் நம்முடையதுதான் என்பதால் அதைத் தமிழ் எழுத்தில் எழுதக் கூசவேண்டியதில்லை. நிறத்தோடு சொல்ல வேண்டிய இடத்தில், முக்கியமாக அக்வாமரின் வரும் இடத்தில், ‘கடல்வண்ணக் கல்’ என்று எழுதலாம். பிளினி சொன்ன நிறமும் அதில் வந்துவிடுகிறது. பழைய பாலி, பிராகிருத நூல்களைப் பற்றி எழுதும்போது வைடூரியம் என்றே போட்டுவிட்டு, இங்கே பெரிலைக் குறிக்கிறது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பூனைக்கண்ணைப் பூனைக்கண் என்றே சொல்லிவிடலாம். அதன் உயர்ந்த ரகத்துக்குக் கனிமவியலில் கிரைசோபெரில் என்று பெயர். பொன்பெரில் என்று அதன் அர்த்தமே நம்மைத் திசைதிருப்பும்; இரண்டும் வேறு வேறு கனிமங்கள். அருங்காட்சியகப் பலகை எழுதுபவர்களும் பாடப்புத்தகம் எழுதுபவர்களும் ‘படியூர்ப் பெரில்’ என்று ஊர்ப்பெயரையும் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது.