ரேட்டிங் பார்த்துப் பள்ளி தேடுகிறவர்களுக்கு

அமெரிக்காவில் வீடு தேடும் நம்மவர்கள், படுக்கையறை எத்தனை என்று கேட்பதற்கு முன்பே ஸ்கூல் ரேட்டிங் என்ன என்று கேட்கிறார்கள். பத்துக்கு ஒன்பது, பத்து என்றால் ஆஃபர் போடத் தயார். நான்கு என்றால், "அந்த ஏரியாவா? வேண்டாம்ங்க." அப்படி வேண்டாம் எனப்படும் ஒரு தொடக்கப் பள்ளியில்தான் நான் பாடம் நடத்துகிறேன். பிள்ளைகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். தமிழ்ச் சங்க விழாக்களில் பார்ப்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பது ஒன்றுதான்: "அந்தப் பசங்க படிப்பாங்களா?"

படிப்பார்கள். யாரிடம், எப்படிப் படிக்கிறார்கள் என்பதைத்தான் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் தேடிப் போனார். பிலடெல்பியாவில் வளர்ந்த கறுப்பினப் பெண். விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பேராசிரியராக இருந்தவர். கறுப்பினப் பிள்ளைகள் ஏன் பின்தங்குகிறார்கள் என்று ஆராய்ந்து அலுக்காத ஒரு துறையில், அவர்களை நன்றாகப் படிக்க வைக்கும் ஆசிரியர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று இவர் கேட்டார். வடக்குக் கலிபோர்னியாவில் ஒரு பள்ளி மாவட்டத்தில், தேவாலயங்களுக்கு வரும் பெற்றோரிடம் நல்ல ஆசிரியர் யார் என்று விசாரித்து ஒரு பட்டியல் எடுத்தார். தலைமையாசிரியர்களிடம் தனியாக இன்னொன்று. தலைமையாசிரியர்கள் மதிப்பெண்ணையும் வருகைப் பதிவையும் வகுப்புக் கட்டுப்பாட்டையும் பார்த்தார்கள். பெற்றோர் பார்த்தது வேறு: பிள்ளை ஆசையாகப் பள்ளிக்குப் போகிறதா, டீச்சர் நம்மை மதிக்கிறாரா? இரண்டு பட்டியலிலும் இருந்தவர்களில் எட்டுப் பேரின் வகுப்புகளுக்குள் ஆண்டுக்கணக்கில் போய் உட்கார்ந்தார். ஐந்து பேர் கறுப்பினத்தவர், மூவர் வெள்ளையர். ஒரே நிறமாக இருந்தால்தான் முடியும் என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப் போனது.

1995இல் வெளியான கட்டுரையில், நல்ல கற்பித்தலுக்கு மூன்று அளவுகோல்களை வைத்தார். பிள்ளை பாடத்தில் தேற வேண்டும். தன் பண்பாட்டை உதறாமலே தேற வேண்டும். சமூகத்தில் பார்க்கும் அநீதியைக் கேள்வி கேட்கவும் பழக வேண்டும். பல பள்ளிகளில் இந்த முதலாவதே காணாமல் போய்விடுகிறது. பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று மாதத்துக்கு நாலு போஸ்டர், வசந்த காலத்தில் இன்டர்நேஷனல் நைட், அதில் நம் பங்குக்குச் சமோசாவும் மருதாணியும். பண்பாடு முடிந்தது, போட்டோவும் எடுத்தாயிற்று.

லாட்சன்-பில்லிங்ஸ் பார்த்த ஒரு வகுப்பிலும் சாப்பாடு வந்தது. சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை (pie) என்ற இனிப்புப் பண்டம் செய்வதில் பேர்போன ஒரு தாய் வந்து செய்து காட்டினார். ஆனால் அது பாடத்தில் போய் நின்றது: அந்தக் கிழங்கை ஆராய்ந்த கறுப்பின விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரைப் பற்றிப் பிள்ளைகள் தேடிப் படித்தார்கள், அந்தப் பண்டத்தை எப்படி விற்பது என்று திட்டம் போட்டார்கள். இன்னொரு இரண்டாம் வகுப்பில், பிள்ளைகள் கொண்டுவந்த ராப் வரிகளில் மோனையும் இயைபும் கண்டுபிடித்துவிட்டுத்தான் மற்றக் கவிதைகளுக்குப் போனார்கள்.

என் வகுப்பில் அன்றாடம் வருவது மொழி விஷயம். ஒரு பையன் "ஹி பி லேட்" என்று எழுதுகிறான். சிவப்புப் பேனாவை எடுப்பதற்கு முன் அவன் என்ன சொல்கிறான் என்று பார்க்க வேண்டும். அவர் எப்போதுமே லேட்டாகத்தான் வருவார் என்கிறான். இன்றைக்கு மட்டும் என்றால் "ஹி லேட்" என்பான். இரண்டையும் குழப்பவே மாட்டான். வீட்டில் பேசும் கறுப்பின ஆங்கிலத்தின் இலக்கணம் அது. "வந்துச்சு" என்று பேசி "வந்தது" என்று எழுதி வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பலகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் வீட்டில் சொல்வது, மறுபக்கம் பரீட்சையில் எழுதுவது என்று கோடு போட்டுவிடுவேன். மிச்சத்தைப் பிள்ளைகளே நிரப்புவார்கள்.

மிச்சிகனில் உள்ள ஆன் ஆர்பரில் 1979லேயே ஒரு ஃபெடரல் நீதிபதி, பிள்ளைகளின் வீட்டு மொழியைக் கணக்கில் எடுத்து வாசிப்புக் கற்றுக்கொடுக்கத் திட்டம் தாருங்கள் என்று பள்ளி மாவட்டத்துக்கு உத்தரவிட்டார். ஆனாலும் இந்தப் பேச்சுக்காகவே பிள்ளையைச் கற்றல் குறைபாடு உண்டா என்று பார்க்கும் சிறப்புக் கல்வி மதிப்பீட்டுக்கு அனுப்பச் சொல்லும் தாள்களை நான் இன்றும் பார்க்கிறேன்.

அப்படியானால் ரேட்டிங்கில் தெரியும், கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வெள்ளைப் பிள்ளைகளுக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி பொய்யா? பொய்யில்லை. 2006இல், அமெரிக்கக் கல்வி ஆராய்ச்சிச் சங்கத்தின் தலைவராக ஆற்றிய உரையில், அதைக் கல்விக் கடனாகப் பார்க்கச் சொன்னார் லாட்சன்-பில்லிங்ஸ். ஒரு வருட பட்ஜெட்டில் விழும் துண்டு வேறு, தலைமுறை தலைமுறையாக ஏறிய கடன் வேறு. அடிமைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பதையே தென் மாநிலங்கள் பல சட்டம் போட்டுத் தடுத்தன. இனவாரிப் பள்ளிகள் செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, தெற்கில் மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகள்; ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். பள்ளிக்கு வரும் பணத்தில் கணிசமான பங்கு இன்றும் உள்ளூர்ச் சொத்துவரிதான். வீட்டு விலை குறைந்த ஊரில் வரி எங்கிருந்து வரும்?

ரேட்டிங்கைப் பாருங்கள், நான் தடுக்கவில்லை. கூடவே அமெரிக்கக் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகம் இணையத்தில் வெளியிடும் கணக்கையும் பாருங்கள். யார் யாரைத் தண்டனையாகச் சில நாள் பள்ளிக்கு வராதே என்று சஸ்பெண்ட் செய்தார்கள் என்ற விவரம் பள்ளிவாரியாக, இனவாரியாக அதில் இருக்கிறது. 2017-18இல் நாடு முழுக்க மாணவர்களில் கறுப்பினத்தவர் சுமார் 15 சதவீதம். சஸ்பெண்ட் ஆகி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் சுமார் 38 சதவீதம். நீங்கள் ஆஃபர் போடப்போகும் ஊரின் பத்து ரேட்டிங் பள்ளியில் எப்படி என்று தேடிப் பாருங்கள். ஸ்கூல் டூர் போனால் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று தனியாக நடத்தும் கிஃப்டெட் வகுப்பில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். பிரின்சிபாலிடம் ஒரு கேள்வியும் கேளுங்கள்: சஸ்பெண்ட் ஆன பிள்ளை திரும்பி வந்ததும், விட்டுப்போன பாடத்தை யார் நடத்துகிறார்கள்?