துளை சிறியது, தையல் பெரியது

கருப்பை நார்க்கட்டியை (ஃபைப்ராய்டு) லேப்ராஸ்கோப்பி மூலம், அதாவது வயிற்றில் சிறு துளைகளிட்டுக் கேமரா வழியே பார்த்து, எடுக்கலாம் என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது தழும்பு எத்தனை, எவ்வளவு பெரியது என்றுதான். தொப்புளில் ஒரு சென்டிமீட்டர் அளவில் ஒன்று, அடிவயிற்றில் அரை சென்டிமீட்டரில் இரண்டு மூன்று, அவ்வளவே. ஆனால் கருப்பைத் தசையில் விழும் வெட்டு, லேப்ராஸ்கோப்பியில் செய்தாலும் வயிற்றைத் திறந்து செய்தாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். பிறகு குழந்தை பெற நினைக்கும் பெண்ணுக்கு அந்த உள்தையல்தான் முக்கியம்.

எல்லாக் கட்டிக்கும் வயிற்றில் துளை போட வேண்டியதில்லை. கட்டி கருப்பையின் உட்குழிக்குள் துருத்திக்கொண்டிருந்தால், கருப்பை வாய் வழியே ஹிஸ்டரோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயை நுழைத்து, உப்புநீரால் குழியை விரித்து, மின்வளையத்தால் சீவி எடுத்துவிடலாம். இதில் நீர்க்கணக்கு தப்பக்கூடாது. உள்ளே விட்ட உப்புநீரில் 2,500 மில்லிலிட்டர் திரும்பி வராவிட்டால், கட்டி மிச்சமிருந்தாலும் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். மீறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

தசைச்சுவருக்குள்ளோ வெளிப்புறத்திலோ இருக்கும் கட்டிக்குத்தான் லேப்ராஸ்கோப்பி. சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதத்தோடு கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ வேறொரு பொது மருத்துவமனைக்கோ போனால் முதலில் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. மாதவிடாயில் அதிகம் ரத்தம் போய் ஹீமோகுளோபின் இறங்கியிருந்தால், அவசரமில்லாத பட்சத்தில் இரும்புச்சத்து கொடுத்து அதை ஏற்றிவிட்டுத் தேதி குறிப்பதே நல்லது.

முழு மயக்கத்தில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு செலுத்துகிறார்கள். அழுத்தம் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம். அடுத்து ரத்தப்போக்கைக் குறைக்க, ரத்தக்குழாய்களைச் சுருக்கும் வாசோபிரசின் மருந்து. 20 யூனிட்டை 100 மில்லிலிட்டர் உப்புநீரில் கலப்பது பரவலான வழக்கம். கட்டியைச் சுற்றி அதை ஏற்றியதும் இளஞ்சிவப்பாக இருந்த கருப்பை கண்ணெதிரே வெளுத்துவிடும். ஊசி ரத்தக்குழாய்க்குள் இருந்தால் இதயத்துடிப்பு சட்டென்று இறங்கலாம், நின்றுவிடவும்கூடும். அதனால் ஒவ்வொரு முறையும் ஊசியைப் பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்து, மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட்டே ஏற்ற வேண்டும்.

பிறகு வெட்டு. கட்டிக்கும் தசைக்கும் நடுவே ஒரு மெல்லிய உறை இருக்கிறது. அந்தத் தளம் கிடைத்துவிட்டால், பழுத்த பலாச்சுளையிலிருந்து கொட்டை பிதுங்குவதுபோல் கட்டி கழன்று வரும். திருகாணி போன்ற கருவியைக் கட்டியில் முறுக்கி இழுத்தபடியே பிரிப்பார்கள். கட்டியைச் சுருக்க முன்கூட்டியே ஹார்மோன் ஊசி போட்டிருந்தால் இந்தத் தளம் மங்கி, பிரிப்பது கடினமாவதுண்டு.

கட்டி வெளிவந்த குழியை ஆழத்துக்கேற்ப இரண்டு மூன்று அடுக்காகத் தைக்க வேண்டும். இப்போது பலரும் பயன்படுத்துவது முட்கள் உள்ள இழை. முடிச்சில்லாமலே தசையைப் பிடித்துக்கொள்ளும். மேலடுக்கை மட்டும் இழுத்து மூடினால் அடியில் ரத்தம் கட்டி, தசை சரியாகச் சேராது. ரத்தத்தை நிறுத்த மின்சூட்டை அதிகம் பயன்படுத்தினாலும் தசை கருகி, தழும்பு பலவீனமாகும். பின்னாளில் கர்ப்பத்தின்போதோ பிரசவ வலியின்போதோ கருப்பை கிழிவது அரிது; கிழிந்தால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. லேப்ராஸ்கோப்பியில் நன்றாகத் தைக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

எடுத்த கட்டி பெரியதாக இருந்தால், பெரும்பாலும் மார்சலேட்டர் என்ற வெட்டுக்கருவியால் துண்டாக்கித்தான் துளை வழியே வெளியே கொண்டுவருவார்கள். சிதறிய துணுக்குகள் வயிற்றுக்குள் ஒட்டி மறுபடி வளரலாம். அரிதாக, நார்க்கட்டி என்று நினைத்தது சார்கோமா புற்றுநோயாக இருந்தால் அது பரவிவிடக்கூடும். 2014இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதுபற்றிக் கடுமையாக எச்சரித்தது. பைக்குள் போட்டுத் துண்டாக்குவதே பாதுகாப்பான வழி. பை பயன்படுத்துவார்களா என்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். தோள்பட்டை வலித்தால் பயப்பட வேண்டாம். மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது, சில நாளில் போய்விடும். காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வயிற்றுவலி, அதிக ரத்தப்போக்கு ஆகியவை அப்படியல்ல. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பத்துக்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் பொறுக்கச் சொல்வார்கள். வெட்டு எவ்வளவு ஆழம், கருப்பையின் உட்குழி திறந்ததா என்று எழுதிய அறுவை சிகிச்சை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சுகப்பிரசவமா சிசேரியனா என்று முடிவெடுக்கும் மகப்பேறு மருத்துவர் முதலில் தேடுவது அதைத்தான்.